சொல்லாமல் கொடுத்த வண்டி

கார்த்திகை மழை விட்டு நான்காம் நாள் காலை, அடைக்கலமேரி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது ஷெரின் வந்து வண்டியைக் கேட்டாள். கேட்டது ஷெரின் என்றாலும் அனுப்பியது யார் என்று மேரிக்குத் தெரியும். ஷெரினின் புருசன், மேரியின் கொழுந்தன் ஜெபக்குமார், மேரி வாசலில் கால் வைத்து ஏழு மாதமாகிறது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு முருங்கை மரம்தான். இருந்தாலும் அவன் தெருவைச் சுற்றித்தான் போய்வந்தான்.

வண்டி என்று அவர்கள் சொல்வது களை ஓட்டுகிற டில்லரை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடக்க வேண்டிய சின்ன மிஷின். முன்னால் பெட்ரோல் இன்ஜின், அடியில் இரண்டு பக்கமும் வளைந்த கத்திகள் சுற்றும். ஒன்பது வருசத்துக்கு முன்னால் மேரியின் கணவர் மைக்கேல்சாமி இலுப்பூரில் ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கி வந்தார். வாங்கி வைத்துவிட்டு அவர் குவைத்துக்குப் போய்விட்டார். வண்டி மேரியிடம் நின்றுவிட்டது.

முதல் வருசம் எது கெட்டாலும் இலுப்பூருக்கு ஏற்றிக்கொண்டு போனாள். மெக்கானிக் நாளை வா, மறுநாள் வா என்று இழுத்தடித்தார். மூன்றாவது தடவை அவர் பிரித்துப் போடுவதைப் பக்கத்திலேயே நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள். மிச்சத்தை யூட்யூப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். இப்போது ஆயில் மாற்றுவது, பில்டரைக் கழுவுவது, பிளக்கைச் சுரண்டிப் போடுவது எல்லாம் அவளே செய்வாள். மாதம் ஒருமுறை கத்திகளை அவை சுற்றுகிற ஷாப்ட் தண்டிலிருந்து கழற்றி, சுற்றிக் கிடக்கும் புல்லை அறுத்தெடுத்து, கிரீஸ் தடவி மாட்டுவாள். பச்சைப் பெயின்ட் எல்லாம் போய் வண்டி சட்டி அடிபோல ஆகியிருந்தாலும் இரண்டே இழுப்பில் ஸ்டார்ட் ஆகும்.

சண்டை வந்ததும் வண்டியால்தான். சித்திரையில் ஜெபக்குமார் வாங்கிக்கொண்டு போய் நான்கு நாள் வைத்திருந்தான். திரும்பி வந்தபோது இன்ஜினில் ஆயில் சொட்டுக்கூட இல்லை. ஷாப்டில் நைலான் கயிறு சுற்றி, கியர்பாக்ஸ் சீல் கிழிந்து ஒழுகியது. மேரிக்கு வந்த ஆத்திரத்தில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நாலு பேர் நிற்கும்போதே, எருமையை இரவல் வாங்கினால்கூடக் குளிப்பாட்டித்தான் திருப்பி விடுவார்கள் என்று சொல்லிவிட்டாள். நின்றவர்கள் சிரித்தார்கள். ஜெபக்குமார் சிரிக்கவில்லை. அந்த ஓட்டை வண்டியை நீங்களே கட்டிக்கொண்டு அழுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனவன்தான்.

இப்போது மழை பெய்து மிளகாய்ச் செடிக்கு இடையில் கோரை முழங்கால் உயரம் நிற்கிறது. களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை. இந்த வாரம் உரம் வைக்காவிட்டால் செடி நோஞ்சானாகிவிடும். ஷெரின் இதையெல்லாம் தரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

மேரி வாளியைக் கீழே வைத்தாள். வண்டியில் ஒரு கோளாறு இருந்தது. ஐப்பசியில் கிளச் கேபிள் அறுந்துவிட்டது. அந்த மாடலுக்கு இப்போது கேபிள் வருவதில்லை, திருச்சியில் சொல்லி வைக்க வேண்டும் என்று இலுப்பூர் கடைக்காரர் சொல்லிவிட்டார். அதுவரைக்கும் ஓடட்டும் என்று பழைய பைக் கேபிள் ஒன்றை அளவுக்கு வெட்டி அவளே போட்டிருந்தாள். நன்றாகத்தான் ஓடியது. பத்து நாளாகத்தான் சிக்குகிறது. கிளச் லிவரை அழுத்திப் பிடித்தால் கத்தி சுற்ற வேண்டும், கையை விட்டால் நிற்க வேண்டும். இப்போது கையை விட்டாலும் சில நேரம் நிற்பதில்லை. மேரி அதற்கு ஒரு பழக்கம் வைத்திருந்தாள். பாத்தி முடிகிற இடத்தில் முதலில் சுவிட்சை அணைப்பாள், பிறகுதான் கையை விடுவாள். ரிவர்ஸ் கியரைத் தொடவே மாட்டாள். தான் மட்டும்தானே ஓட்டுகிறோம் என்றிருந்தாள்.

“எடுத்துட்டுப் போ. கொட்டகையில நிக்கிது” என்றாள் ஷெரினிடம்.

அவ்வளவுதான் சொன்னாள். ஷெரின் வண்டியைத் தள்ளிக்கொண்டு முருங்கையைத் தாண்டிப் போகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள். கூப்பிட்டுச் சொல்ல நேரம் இருந்தது. வாய்வரை வந்தது. ஓட்டை வண்டி என்று சொன்னவன் ஓட்டிப் பார்க்கட்டும், முடியாவிட்டால் இந்த வாசலுக்கு வந்து கேட்கட்டும் என்று உள்ளே ஏதோ ஒன்று சொன்னது. மாட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பத்து மணிக்கு அவள் தன் தோட்டத்தில் கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். கிணற்றுக்கு அந்தப் பக்கம் ஜெபக்குமாரின் தோட்டம். அங்கே வண்டி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பாத்தியில் போகும்போது கனத்த சத்தமாக இருக்கும், வரப்போரம் திரும்பும்போது லேசாகும். கை காய் பறித்தாலும் காது திருப்பங்களை எண்ணிக்கொண்டிருந்தது. ஏழு, எட்டு, ஒன்பது. ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, ஏனோ ஏமாற்றமாகவும் இருந்தது.

பத்தாவது திருப்பத்தில் சத்தம் லேசாகவில்லை. மேலே ஏறியது. உடனே தொண்டை அடைத்ததுபோல அமுங்கி இழுத்தது. அதற்கு மேலாக ஒரு ஆணின் குரல் கேட்டது.

கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். கிணற்று மேட்டில் ஏறியதுமே தெரிந்தது. தோட்டத்தின் மூலையில், வேலிக்கு நட்ட கல்லுக்காலில் முதுகு சாய்ந்து ஜெபக்குமார் வரப்பில் உட்கார்ந்திருந்தான். வண்டி அவன் மேல் ஏறி நின்றது. மூலை குறுகலாக இருந்ததால் திருப்ப முடியாமல் ரிவர்ஸ் போட்டிருக்கிறான். பின்னால் வந்த வண்டி அவனை வரப்பில் தள்ளி, இடது காலை அடியில் இழுத்துக்கொண்டது. கத்தி சிக்கி நின்றுவிட்டது, இன்ஜின் நிற்கவில்லை. பெல்ட் வழுக்கி ரப்பர் கருகும் புகை வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு உதறலுக்கும் வண்டி இன்னும் கொஞ்சம் அவன் மேல் ஏறப் பார்த்தது. சுவிட்ச் கைப்பிடியின் நுனியில் இருந்தது. விழுந்து கிடந்தவனுக்கு அது எட்டவில்லை.

மேரி உள்ளங்கையால் சிவப்பு சுவிட்சை அடித்தாள். இன்ஜின் நின்றது.

அந்த அமைதியில் அவன் மூச்சு மட்டும் கேட்டது. முகம் சாம்பல் பூத்திருந்தது. காலை இழுக்கப் பார்த்தான். மேரி அவன் முழங்காலை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தாள்.

“இழுக்காத தம்பி. இழுக்கவே கூடாது.”

குனிந்து பார்த்தாள். வளைந்த கத்தி ஒன்று சுண்டுவிரலுக்கு மேலே புறங்காலில் இறங்கி, அடியில் செருப்பையும் துளைத்து வெளியே வந்திருந்தது. இரத்தம் அவள் பயந்த அளவுக்குப் பாயவில்லை. கத்தியே அடைத்துக்கொண்டிருந்தது.

“கையை விட்டுட்டேன் மதினி” என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. “விட்டுட்டேன். நிக்கல.”

மேரி பிளக் வயரைப் பிடுங்கித் தூரத் தள்ளினாள்.

அதற்குள் பக்கத்துத் தோட்டத்து ஆத்மநாதன் மண்வெட்டியோடு ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் இரண்டு பேர். ஆத்மநாதன் ஒரு நிமிசம் பார்த்துவிட்டு, கியரை முன்பக்கம் போட்டு ஒரு இழுப்பு இழுத்தால் கத்தி வந்த வழியே போய்விடும் என்றார். அவர் கை ஸ்டார்ட்டர் கயிற்றுக்குப் போனது.

“கயித்துல கை வைக்காதீங்கண்ணே” என்றாள் மேரி. “வெளிய வரும்போது மிச்சத்தையும் அறுத்துட்டு வரும். 108-க்குப் போடுங்க.”

அவர் போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ஒரு பெண் குரல் ஊர், தாலுகா, அடையாளம் எல்லாம் நிதானமாகக் கேட்டது. குத்தியதை வெளியே எடுக்கக் கூடாது, சுற்றித் துணி வைத்துக் கட்டுங்கள், குடிக்க ஒன்றும் கொடுக்காதீர்கள் என்றது. விராலிமலைப் பக்கமிருந்து வண்டி வர இருபத்தைந்து நிமிசமாகும். தீயணைப்பு வண்டியையும் அனுப்பட்டுமா என்று கேட்டது. ஆத்மநாதன் மேரியைப் பார்த்தார். கோயில் ரோட்டிலிருந்து இங்கே வருகிற அரைக் கிலோமீட்டர் பாதை மழையில் சேறாகிக் கிடந்தது. டிராக்டரே நேற்று அதில் இறங்கி நின்றது. எந்த வண்டியும் தோட்டத்துக்கு வராது. இவனைத்தான் ரோட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

டில்லரோடு சேர்த்துத் தூக்க முடியாது. கத்தியைக் காலிலிருந்து எடுக்கவும் கூடாது. அப்படியானால் கத்தியை வண்டியிலிருந்து பிரிக்க வேண்டும்.

ஷெரின் வந்து சேர்ந்தாள். பார்த்ததும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மேரி அவள் தோளைப் பிடித்து உலுக்கி, கொட்டகையில் ஸ்பேனர் எல்லாம் போட்ட யூரியா சாக்கு தொங்கும், அதை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடி வா என்றாள். வரும்போது கயிற்றுக் கட்டிலை எடுத்துவரச் சொல்லி யாரையாவது அனுப்பு என்றும் சொன்னாள். என்ன ஏதென்று கேட்காமல் ஷெரின் ஓடினாள்.

சாக்கு வருகிற நேரத்தில் மேரி, நின்ற பெண்களில் ஒருத்தியின் தலைத்துண்டை வாங்கிக் கிழித்துக் காலைச் சுற்றிக் கட்டினாள். ஜெபக்குமாருக்கு வேர்த்துக் கொட்டியது. கண்ணை மூடாதே என்று ஆத்மநாதன் சொல்லிக்கொண்டே இருந்தார். பெண்கள் இரண்டு பேரும் கைப்பிடியை ஆளுக்கொன்றாகத் தாங்கிப் பிடித்தார்கள், வண்டி சாய்ந்துவிடாமல்.

ஒவ்வொரு கத்தியும் தகட்டில் இரண்டு போல்ட்டில் நிற்கும். சாக்கு வந்ததும் மேரி மண்ணில் படுத்து, பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனரை உள்ளே நுழைத்தாள். முதல் போல்ட் முனகிக்கொண்டு திரும்பியது. இரண்டாவது திரும்பவில்லை. அதன் தலை தேய்ந்து உருண்டைக் கல்போல இருந்தது. ஸ்பேனர் மூன்று முறை வழுக்கியது. மூன்றாம் முறை வழுக்கியபோது கத்தி அதிர்ந்து ஜெபக்குமார் அலறினான். உளி வைத்து ஒரு தட்டு தட்டினால் வந்துவிடும் என்றார் ஆத்மநாதன். தட்டினால் அந்த அடி முழுக்கக் காலில்தான் இறங்கும் என்று மேரி தலையசைத்தாள்.

படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன செய்வது என்று தெரியாத ஒரு அரை நிமிசம் அது. தண்ணீர்ப் பாம்பு ஒன்று வாய்க்காலில் நெளிந்து போனது. ஒற்றைக் கத்தி வராது. ஆனால் அந்தப் பக்கத்துக் கத்திகள் எல்லாம் ஒரே குழாயில் சேர்ந்திருக்கின்றன. அந்தக் குழாய் ஆறு பட்டை வைத்த ஷாப்டில் ஒரே ஒரு இரும்புப் பின்னில்தான் நிற்கிறது. மாதாமாதம் அவள் கழற்றி மாட்டுகிற பின். அதை உருவிவிட்டால் கத்திக் கொத்து மொத்தமும் பக்கவாட்டில் வழுக்கி வெளியே வரும். காலும் அதோடு சேர்ந்து வரும்.

வெளியே வர இடம்தான் இல்லை. கொத்து வரப்பில் முட்டிக்கொண்டு நின்றது. ஆத்மநாதன் மண்வெட்டியை எடுத்தார். ஓங்காமல் சுரண்டிச் சுரண்டி எடுங்கள் என்றாள் மேரி. அவர் மேலாக வெட்ட, அவள் கையால் மண்ணை அள்ளித் தள்ளினாள். நகக்கண்ணில் சுக்கான்கல் குத்தியது. ஒரு முழ அகலம் வந்ததும் பின்னை இடுக்கியால் பிடித்து உருவினாள். வந்துவிட்டது.

ஆத்மநாதன் ஒரு கையால் பாதத்தையும் மறு கையால் கத்திக் கொத்தையும் சேர்த்துப் பிடித்தார். ஷெரின் புருசனின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் இழுக்க இழுக்க நீங்களும் கூடவே வாருங்கள், முந்தக் கூடாது, பிந்தக் கூடாது என்று சொல்லிவிட்டு மேரி குழாயை இழுத்தாள். நான்கு விரற்கடை வந்தது. பிறகு இறுகி நின்றது.

ஏன் என்று அவளுக்கு உடனே புரிந்தது. வண்டி இன்னும் ரிவர்ஸ் கியரிலேயே நிற்கிறது. கத்தி காலில் சிக்கி நின்ற முறுக்கு முழுவதும் ஷாப்டில் இருக்கிறது. நியூட்ரலுக்குத் தள்ளினால் முறுக்கு விடும். விடும்போது கத்தி கொஞ்சம் திரும்பும். எந்தப் பக்கம், எவ்வளவு என்று அவளால் சொல்ல முடியாது.

ஜெபக்குமாரின் முகத்துக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

“தம்பி, கியரைத் தள்ளணும். தள்ளுனா கத்தி ஒரு தடவ அசையும். வலிக்கும். வேற வழி தெரியல எனக்கு.”

அவன் அவளைப் பார்த்தான். “ஒங்களுக்குத்தான் மதினி இந்த வண்டியத் தெரியும்” என்றான். “தள்ளுங்க.”

மேரி அவன் முகத்தைப் பார்க்காமல் எழுந்தாள்.  கியர் லிவரைப் பிடித்து, மூச்சைப் பிடித்துத் தள்ளினாள். உள்ளே டக்கென்று ஒரு சத்தம். ஜெபக்குமார் கத்தவில்லை, நீளமாக ஒரு காற்று அவனிலிருந்து போனது. தலை சாய்ந்துவிட்டது. ஷெரின் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மேரி திரும்பிப் பார்க்கவில்லை. குழாயை இழுத்தாள். வெண்ணெயில் வழுக்குகிறாற்போல வந்தது.

அதற்குள் ஊரிலிருந்து வந்து சேர்ந்திருந்த கயிற்றுக் கட்டிலில் கத்திக் கொத்தோடு அவனை ஏற்றினார்கள். பத்துக் கிலோ இரும்பு அது. மேரி அதைத் தன் இடுப்பில் அணைத்துப் பிடித்துக்கொண்டு கட்டிலோடு நடந்தாள். நான்கு பேர் கட்டிலைத் தூக்க, சேற்றில் முழங்கால்வரை புதைந்து அரைக் கிலோமீட்டர் போனார்கள். பாதி வழியில் அவனுக்கு நினைவு வந்தது. ஆம்புலன்ஸ் கோயில் பக்கத்தில் வந்து நின்றிருந்தது. அதில் வந்த பையன் பார்த்துவிட்டு, எடுக்காமல் கொண்டுவந்தீர்களே, அதுவே நல்லது என்றான்.

புதுக்கோட்டை அரசு மருத்துவமனையில் அன்று சாயங்காலம் ஆபரேசன் நடந்தது. கத்தியை அங்கேயே அறுத்து எடுத்தார்கள். கால் தப்பியது. சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் போய்விட்டன.

வராந்தாவில் ஒரு போலீஸ்காரர் வந்து எழுதிக்கொண்டார். எப்படி நடந்தது என்று கேட்டதற்கு ஆத்மநாதனே பதில் சொன்னார். பழக்கமில்லாமல் ரிவர்ஸ் போட்டுவிட்டான், அவசரக்காரன் என்றார். வண்டி யாருடையது என்று கேட்டார் போலீஸ்காரர். என்னுடையது என்றாள் மேரி. வண்டியில் ஏதாவது கோளாறு உண்டா என்று அடுத்த கேள்வி வந்தது.

“பழைய வண்டி சார்” என்றாள்.

அவர் அதை எழுதிக்கொண்டு போய்விட்டார்.  பக்கத்தில் ஷெரின் மேரியின் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அக்கா இல்லாவிட்டால் இன்றைக்கு என்ன ஆகியிருக்கும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மைக்கேல்சாமி குவைத்திலிருந்து கூப்பிட்டபோது மேரி கேபிள் விசயத்தை அவரிடம் சொன்னாள்.  இதை வேறு யாரிடமும் சொல்லாதே என்றார் அவர். சொன்னால் அவன் விரல் திரும்பி வரப் போவதில்லை, அண்ணன் தம்பி உறவு அறுந்து போகும் என்றார். அந்தச் சனியனை வந்த விலைக்குத் தள்ளிவிடு என்றும் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் அவளுக்கும் பட்டது.

ஊரில் அவளைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் புகழ்ந்தார்கள். பங்குச் சாமியார் வீட்டுக்கே வந்து, நிதானமாக யோசித்துக் காப்பாற்றினாய் என்றார். அவர் போன பிறகு கொட்டகைக்குள் போனாள். ஆத்மநாதன் தள்ளிவந்து நிறுத்தியிருந்த வண்டி ஒரு பக்கக் கத்தி இல்லாமல் சாய்ந்து நின்றது. காய்ந்த மண்ணைக் கழுவினாள். மண்ணில்லாததையும் கழுவினாள். கைப்பிடிக்குக் கீழே கேபிள் உறையை அறுத்துப் பார்த்தாள். உள்ளே கம்பி இழைகள் பிரிந்து, முள்போல விரிந்து உறையில் மாட்டிக்கொண்டிருந்தன. கழற்றிக் கீழே போட்டாள். இரண்டு நாள் அவளால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. ஷெரின் ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம், அந்த நன்றிக் குரலைக் கேட்கவே பயமாக இருந்தது.

நான்காம் நாள் இலுப்பூர்க் கடையிலிருந்து போன் வந்தது. திருச்சியிலிருந்து கேபிள் வந்துவிட்டது என்றார்கள். பஸ் ஏறிப் போய் வாங்கினாள். காக்கித் தாளில் சுற்றி, வளையமாக மடித்துக் கொடுத்தார் கடைக்காரர். இவ்வளவுதானா என்றிருந்தது. இலுப்பூர் பஸ் ஸ்டாண்டில் வீட்டுக்குப் போகிற பஸ் நின்றது. பக்கத்தில் புதுக்கோட்டை பஸ்ஸும் நின்றது. வீட்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். கண்டக்டர் விசில் அடித்ததும் இறங்கி, மற்றதில் ஏறினாள்.

வார்டில் ஜெபக்குமார் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தான். ஷெரின் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டில்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். மேரி ஸ்டூலில் உட்காரவில்லை. நின்றுகொண்டே பையிலிருந்து காக்கிப் பொட்டலத்தை எடுத்து மெத்தை மேல் வைத்தாள்.

“கிளச் கேபிள்” என்றாள். “இது இல்லாமத்தான் வண்டி நிக்கல. பழைய பைக் கேபிளைப் போட்டிருந்தேன். பத்து நாளாச் சிக்குது. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஒரு வார்த்தை சொல்லாமக் குடுத்தேன்.”

மறந்துவிட்டேன் என்று சொல்லலாம் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்திருந்தாள். அந்த வார்த்தை வரவில்லை.

ஜெபக்குமார் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். 

“ரெண்டாவது பாத்தியிலயே தெரிஞ்சுச்சு மதினி” என்றான் கடைசியில். “லேசா ஒட்டும், பெறகு விடும். நிறுத்திட்டு வந்து ஒங்களக் கேட்டிருக்கணும். ஒங்க வாசல்ல வந்து நிக்க மனசு வரல. அப்பிடியே ஓட்டிட்டேன்.”

அவன் அதைச் சொல்லி அவள் பாரத்தைக் குறைக்கப் பார்க்கிறான் என்று மேரிக்குத் தோன்றியது. உண்மையைத்தான் சொல்கிறான் என்றும் தோன்றியது. இரண்டில் எதுவாக இருந்தாலும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஷெரின் உரித்த சுளைகளைத் தட்டில் வைத்தாள். கையை முந்தானையில் துடைத்தாள்.

“அவுக ஒங்க வாசலுக்கு வரல. நான் வந்தேன்ல அக்கா” என்றாள். குரல் உயரவில்லை. “என் கையிலதான குடுத்தீங்க. ஒங்க கோவம் அவுக மேல. எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?”

 ஜெபக்குமார் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஷெரின் அவனைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான்.

“நாலு நாளா ஒங்கள எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி…” என்றாள் ஷெரின். முடிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விட்டாள். மேரி போகிறவரை அவள் திரும்பி வரவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து ஜெபக்குமார் வீட்டுக்கு வந்தான். ஊருக்கு விசயம் தெரிந்துவிட்டது. யார் சொன்னார்கள் என்று மேரி விசாரிக்கவில்லை. புகழ்ந்தவர்களில் பாதிப் பேர் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். ஆத்மநாதன் மட்டும், இனிமேல் போலீஸ்காரர் வந்து கேட்டால் என்ன சொல்வாய் என்று கேட்டார். நடந்ததைச் சொல்வேன் என்றாள். யாரும் வந்து கேட்கவில்லை.

மேரி கேபிளை மாட்டினாள். இலுப்பூரில் கத்திக் கொத்தும் வாங்கிப் போட்டாள். கையை விட்டதும் நிற்கிறதா என்று தெருவில் வைத்து ஐம்பது தடவையாவது பார்த்திருப்பாள். ஜெபக்குமாரின் தோட்டத்தில் பாதிக்கு மேல் களை அப்படியே நின்றது. உரம் வைக்கிற நாள் தாண்டியிருந்தது. ஒரு காலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் அவன் வரப்பில் நிறுத்தினாள்.

ஷெரின் ஏற்கெனவே அங்கே இருந்தாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து களைக்கொத்தால் கோரையை வெட்டிக்கொண்டிருந்தாள். வண்டியைப் பார்த்ததும் எழுந்தாள்.

“அது உள்ள வர வேண்டாம்” என்றாள்.

புதுக் கேபிள் போட்டிருப்பதை மேரி சொன்னாள். நீ ஓட்ட வேண்டாம், நானே ஓட்டுகிறேன் என்றும் சொன்னாள். ஷெரின் தலையை மட்டும் ஆட்டினாள். மேரி வண்டியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது அவள் கையிலும் ஒரு களைக்கொத்து இருந்தது. ஷெரினுக்கு இரண்டு பாத்தி தள்ளி உட்கார்ந்து வெட்டத் தொடங்கினாள். ஷெரின் நிமிர்ந்து பார்த்தாள். வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வெயில் ஏறியது. மண் காய்ந்து இறுகிக் கிடந்ததால் ஒவ்வொரு கோரைக்கும் இரண்டு வெட்டு வேண்டியிருந்தது. வண்டி ஓட்டிப் பழகிய மேரிக்கு இடுப்பு விட்டுப் போனது. ஷெரின் அவளைத் தாண்டி முன்னால் போய்க்கொண்டே இருந்தாள்.

மத்தியானம் வேலையை நிறுத்தினார்கள். வாய்க்காலில் கை கழுவும்போது, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ஷெரின் சொன்னாள்.

“நாளைக்குக் கட்டுப் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போகணும். அவுகளப் பஸ்ல ஏத்தி எறக்க ஒரு ஆளு வேணும்.”

“எத்தன மணிக்கு?”

“ஏழு மணி பஸ்ஸுக்கு.”

“வாரேன்” என்றாள் மேரி.